வீட்டுப் படம் போட்ட பொத்தான்

எனக்கு வழி தெரியாது என்று சொல்லித்தான் என் கையிலிருந்து ஆம்னி வண்டியின் சாவியைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஓட்டத் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. ஓட்டிக் காட்டியிருப்பேன், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். வண்டியையே கொடுக்காமல் வழி தெரியாது என்று சொன்னால் நான் எதை வைத்துக் காட்டுவது?

சொன்னவர் என் கணவரின் அண்ணன். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். திருத்தணியில் பாதி வீடுகளில் அப்படித்தான், சண்டை தமிழில் போட்டாலும் முறை வைத்துக் கூப்பிடுவது தெலுங்கில். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாடகை வண்டி ஓட்டினார்கள். தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு வெள்ளை அம்பாசிடர், பத்து வருடம் கழித்து வாங்கிய ஒரு ஆம்னி. அம்பாசிடரைப் பாவா ஓட்டினார், ஆம்னியை என் கணவர். முருகன் மலைக்கு வருகிறவர்களைத் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் கூட்டிப் போவது, அரக்கோணம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஏற்றி வருவது, முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுச் சவாரி. பிழைப்பு நன்றாகத்தான் ஓடியது.

என் கணவருக்குச் சர்க்கரை. காலில் வந்த புண் ஆறவே இல்லை, கடைசியில் இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கிற கால் அது. அன்றிலிருந்து ஆம்னி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்டது, ஆனால் அதில் பேச மட்டும்தான் முடியும் என்றிருந்த காலம்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் அம்பாசிடரை இறக்கி, விளையாட்டுப்போல எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர்தான். பிற்பாடு லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தேன். இனி ஆம்னியை நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். பாவா சிரித்தார்.

"ஓட்டுவேம்மா, நான் இல்லேன்னு சொல்லல. வழி? உனக்கு இன்னா வழி தெரியும்? புத்தூராண்ட ஒரு பட்டிக்குச் சவாரி வந்தா இன்னா பண்ணுவே? டீக்கடையில வண்டிய நிறுத்தி ஆம்பளைங்க நடுவுல பூந்து வழி கேப்பியா?"

"கேட்டா இன்னா பாவா?"

"வழி கேக்கறவன் டிரைவரா?"

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாடகை வண்டிக்காரர்களிடம் ஒரு வீம்பு உண்டு. சவாரி ஆள் வண்டியில் இருக்கும்போது வழி கேட்கக் கூடாது. கேட்டால் இவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று தெரிந்துவிடும், மரியாதை போய்விடும், அடுத்த முறை வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள். அதனால் வழி தெரியாவிட்டால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று இறங்குவார்கள். டயரை எட்டி உதைத்துப் பார்ப்பார்கள். கேனை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், அங்கே நிற்கிறவரிடம் வாயசைக்காமல் கேட்டுக்கொண்டு வருவார்கள். என் கணவரும் செய்வார், பாவாவும் செய்வார். ரேடியேட்டர் அடிக்கடி தாகம் எடுக்கிற நாளெல்லாம் புது ஊருக்குப் போகிற நாள் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

வண்டியை வாங்கிக்கொள்ள அரக்கோணத்தில் ஒரு ஆளைப் பாவா பார்த்து வைத்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்குள் ஆம்னி ஓட்டத்துக்கு வரவில்லை என்றால் அந்த ஆளுக்கே கொடுத்துவிடுவது என்று பேச்சு. தம்பியையும் ஒரு வார்த்தை கேட்டார், என்னைத்தான் யாரும் கேட்கவில்லை. என் கணவர் தலையை ஆட்டினார். அண்ணன் எதிரில் அவர் தலை ஆடுவதற்கு மட்டும்தான் பிறந்தது. அந்த வண்டி போனால், மீதி ஆயுசுக்கு நான் அந்த வீட்டில் சோறாக்கிக்கொண்டு பாவா கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து மலைக்கு வந்த ஒரு குடும்பம் எங்கள் வாசலில் காரை நிறுத்தியது. முன் கண்ணாடியில் சின்ன டிவிபோல ஒன்று ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். போகிற ஊரைச் சொன்னால் அதுவே இடது, வலது என்று வழி சொல்லும், ஜிபிஎஸ் என்று பெயர் என்றார்கள். வழி தெரியாது என்ற ஒரே குற்றம்தானே என் மேல்? அன்றே பாவாவிடம் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டு, "வாங்கறதுன்னா ரெண்டு வண்டிக்கும் ஆவறமாரி வாங்கு. வழி தெரியாத சவாரி யாருக்கு வருதோ, அன்னிக்கு அவுங்க வண்டில ஒட்டிக்கலாம்" என்றார். அவர் வாயால் சொன்ன சட்டம் அது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அம்மையார்குப்பத்து நெசவுக்கார வீட்டுப் பெண். எதையும் நூல் வைத்துப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். இரண்டு வண்டியிலும் ஏறி, ஸ்டியரிங்கிலிருந்து கண்ணாடி எவ்வளவு தூரம் என்று நூல் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அம்பாசிடரில் கண்ணாடி சின்னது. ஆம்னியில் கண்ணாடி மூக்கோடு மோதுகிற மாதிரி கிட்டே இருக்கும். அந்த நூலை முந்தானையில் முடிந்துகொண்டு நானும் என் கணவரும் ரயிலேறி சென்னைக்குப் போனோம்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "சார், உங்களுக்கு என்ன வண்டி? சார் லாங் டிரைவ் போவீங்களா?" என்று என் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு மட்டும் தலையாட்டுகிற அந்த மனுஷர் அன்றைக்குக் கைத்தடியை மேசையில் தட்டி, "ஓட்டறது அவுங்க. அவுங்களாண்ட பேசுங்க" என்றார். எனக்குக் கடையிலேயே கண் கலங்கிவிட்டது.

முதலில் காட்டிய பெட்டிக்குக் கண்ணாடியில் ஒட்டுகிற பிடி நீளம். நூலை வைத்துப் பார்த்தால் ஆம்னியில் ஸ்டியரிங் திரும்பும்போது இடிக்கும். வேண்டாம் என்றேன். இரண்டாவது பெட்டி சின்னது, இரண்டு வண்டிக்கும் பொருந்தும். "அம்மையார்குப்பம் காட்டுங்க" என்றேன். தேடினார், இல்லை.

"மேடம், சின்ன ஊரெல்லாம் எதுக்கு? சென்னை ஃபுல்லா இருக்கு, பெங்களூர் ஃபுல்லா இருக்கு."

"என் பொறந்த வூடே தெரியாத மெஷின வெச்சிகினு நான் இன்னா பண்ணட்டும்? சென்னையில வழி கேட்டா நூறு பேரு சொல்லுவான்."

மூன்றாவதில் அம்மையார்குப்பம் இருந்தது, ஆனால் ஆந்திரா எல்லை வந்ததும் கோடு நின்றுபோனது. எங்கள் சவாரியில் பாதி அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். நான்காவதில் இரண்டு பக்கமும் இருந்தது. அதை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றேன். கடைக்காரர் முனகிக்கொண்டே தெருவுக்கு வந்தார். வெயிலில் கோடு தெரிந்தது, லாரிச் சத்தத்திலும் குரல் கேட்டது. இங்கிலீஷ் பேசுகிற பொம்பளைக் குரல். எழுத்தும் இங்கிலீஷ்தான், ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள், அது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. வாங்கிவிட்டோம். அம்பாசிடரில் கரண்ட் சொருகுகிற இடமே கிடையாது, அரக்கோணத்து எலக்ட்ரீஷியனிடம் விட்டு அதையும் வைத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் மலைக்குப் போக வேண்டும். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, மிக்சியானாலும் சரி. பெட்டியும் போனது. குருக்கள் இது என்ன என்று கேட்டுவிட்டு, அதற்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். கீழே இறங்கும் முன் பாவா ஒரு கண்டிஷன் போட்டார்.

"மொதல்ல பொட்டில சாமி எடம் ஏறணும். அப்புறம்தான் மத்தது."

பெட்டியை ஆன் செய்தால் முதலில் வருவது வீட்டுப் படம் போட்ட ஒரு பொத்தான். அதை அமுக்கினால், எங்கே இருந்தாலும் நம் வீட்டுக்கு வழி காட்டும்.

"அது வூட்டுக்குன்னு வெச்ச எடம் பாவா" என்றேன்.

"நம்ம வூடு எங்க ஓடிடப் போவுது? மலைக்குக் கீழதான கீது? சாமிய போடு."

மலை மேல் நின்றபடியே அந்த இடத்தை வீடு என்று பதிந்தேன். சொன்னதைச் செய்ததோடு சரி, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பெட்டி அம்பாசிடரில். அதற்கு அடுத்த நாளும் அம்பாசிடரில். அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் போகிற நாளிலும் எடுத்து டேஷ்போர்டு அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு போவார்.

"ஸ்டேஷனுக்குத்தான பாவா? அதுக்கு எதுக்கு?"

"இருக்கட்டும்மா. எதுக்கும் இருக்கட்டும்."

காணிப்பாக்கம் போக ஒரு வாத்தியார் குடும்பம் ஆம்னியைக் கேட்டு வந்தது. பெட்டி இல்லை, நான் போகக் கூடாது. திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் இன்னும் இரண்டு சவாரி அதே மாதிரி கைவிட்டுப் போனது. வழி தெரியாதவளுக்காக வாங்கியதை எல்லா வழியும் தெரிந்தவர் பூட்டி வைத்திருந்தார். ஒரு நாள் வாசலிலேயே கத்திவிட்டேன்.

"நான் அத்த போட்டுப் பாத்ததுகூட இல்ல. பொம்பள கொரல் சொல்லி நான் ஸ்டியரிங்க திருப்பணுமா?" என்றார் பாவா.

"அப்ப குடுங்க!"

"நாளைக்குப் பாக்கலாம்."

ஒரு விஷயம் மட்டும் புதிதாக இருந்தது. எப்போதும் இல்லாமல் பாவாவுக்குப் பக்தி முற்றியிருந்தது. எந்தப் பக்கம் சவாரி போனாலும் மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். "வயசாவுதில்ல, சாமி நெனப்பு வந்துடுச்சி" என்று அவர் மனைவி தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சவாரி வந்தவர்கள்தான் சாயங்காலம் லேட்டாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனி மாதக் கடைசியில், அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வண்டியும் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பெண் வீடு கார்வேட்டிநகரம் தாண்டி ஆந்திராவில் ஒரு சின்ன ஊர். மாப்பிள்ளையின் அம்மா என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். "எங்க பொம்பளைங்க எல்லாம் உன் வண்டிலதான் வருவோம்" என்று பாவா முன்னாலேயே சொல்லிவிட்டார். பாவாவால் மறுக்க முடியவில்லை. ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் பின்னாலயே வா. எங்கனா தடுமாறினே, நாளைக்கே அரக்கோணத்து ஆளுக்கு போன் பண்ணிடுவேன்" என்றார். ஆடி பிறக்க இன்னும் இரண்டே நாள், கிருத்திகைக் கெடுவும் கிட்டே வந்துவிட்டது.

காலையில் ஒரு தொல்லையும் இல்லை. பெண் வீட்டிலிருந்து வந்திருந்த ஒரு மாமா அம்பாசிடரில் முன் சீட்டில் உட்கார்ந்து வழி காட்டினார். நான் பின்னாலேயே போனேன். போகும்போதே ஒவ்வொரு திருப்பத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். தண்ணி டேங்க், சோத்தாங்கை. செங்கல் சூளை, பீச்சாங்கை. பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாம்பூலம் மாற்றி, சாப்பிட்டு, மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். வழி காட்டிய மாமா அந்த ஊரிலேயே நின்றுவிட்டார். மாந்தோப்பு முடிகிற இடத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. காலையில் நாங்கள் வந்தது செங்கல் சூளைப் பக்கம். அம்பாசிடர் நேராக எதிர்ப்பக்கம் போனது. ஹாரன் அடித்தேன். இன்னொரு முறை அடித்தேன். பாவா கையை வெளியே நீட்டி, வா வா என்று ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னாலிருந்து போன் போட்டுப் பார்த்தார்கள், டவர் இல்லை.

"அவுங்க பின்னாலயே போயிடலாமே?" என்றாள் ஒருத்தி.

எனக்குப் பயம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் பின்னால் போனால் எங்கே போய்ச் சேர்ந்தாலும் என் மேல் குற்றமில்லை. என் வழியில் போய்த் தடுமாறினால் வண்டி போச்சு. ஆனால் காலையில் என் கண்ணால் பார்த்த சூளை அது, என் வாயால் சொன்ன பீச்சாங்கை, திரும்பி வரும்போது சோத்தாங்கை. தெரிந்த வழியை விட்டுவிட்டு இன்னொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போக நான் எதற்கு லைசென்ஸ் எடுத்தேன்? திருப்பினேன்.

சூளை தாண்டி இரண்டு மைல் வரை நிச்சயமாகத் தெரிந்தது. அப்புறம் ஒரு முச்சந்தி. காலையில் அங்கே சந்தைக் கூட்டம், இப்போது வெறும் ரோடு. எந்தப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ரேடியேட்டர், டயர், கேன் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. போங்கய்யா நீங்களும் உங்கள் மானமும் என்று டீக்கடைக்கு நேரே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை நகர்த்தி, பள்ளிப்பட்டுக்கு எது வழி என்று தொண்டையைத் திறந்து தெலுங்கில் கேட்டேன்.

"அன்னா! பள்ளிப்பட்டு தாரி ஏதி?"

டீக்கடையில் இருந்த ஏழு ஆம்பிளைகளும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் இடது பக்கம் கை காட்டினார். ஒருவர் பாலம் உடைந்திருக்கிறது, அதற்கு முன்னாலேயே திரும்பு என்றார். ஒரு பெரியவர் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து, யார் வீட்டு நிச்சயம் என்று விசாரித்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். யாரும் என்னைத் தின்றுவிடவில்லை. பள்ளிப்பட்டில் மறுபடி கேட்டேன். பொதட்டூர்ப்பேட்டை வந்த பிறகு கேட்க வேண்டியதில்லை, அது நான் சின்ன வயதில் நடந்த மண். நான்கு மணிக்கு அம்மையார்குப்பத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா கொடுத்த காபியைக் குடித்தேன்.

அம்பாசிடர் வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. இறங்கிய ஆண்கள் முகமெல்லாம் கடுகடு என்றிருந்தது.

"எங்கடா போனீங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"திருத்தணிக்கு!" என்றார் அவர் தம்பி. "மலையடிவாரம் வரைக்கும் கூட்டினு போயி, வந்ததுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கங்கன்னாரு. அங்கேர்ந்து மறுபடி இந்தாண்ட. ஏன்யா இப்பிடின்னு கேட்டா, அந்தப் பொட்டில ஒரு வூடு படம் கீது, அதையே அமுக்கினு வந்தாரு."

எனக்கு எல்லாம் அந்த நொடியில் விளங்கிவிட்டது. பாவா படித்தது நாலாவது வரை, அதுவும் தெலுங்கில். இங்கிலீஷில் ஒரு ஊர்ப் பெயரைத் தட்ட அவரால் முடியாது. படம் மட்டும் தெரியும். வழி தப்பினால் அந்த வீட்டை அமுக்குவார், அது மலைக்குக் கூட்டிக்கொண்டு வரும், மலையிலிருந்து எந்த ஊருக்கும் அவருக்கு வழி தெரியும். இதுதான் அந்தப் பக்தி. யாரிடமும் வழி கேட்கக் கூடாது என்பதற்காக, சவாரி ஆட்களையெல்லாம் சாமியைச் சுற்ற வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர்.

அவர் என் பக்கம் வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"நீ எப்பிடிம்மா வந்தே?"

குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கலாம். தாழ்த்தவில்லை.

"வழி கேட்டுகினு வந்தேன் பாவா."

அத்தனை பேருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா, ஆவணியில் கல்யாணத்துக்கும் ஆம்னிதான் வேண்டும், நீதான் ஓட்டி வர வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அரக்கோணத்து ஆளுக்கு யாரும் போன் செய்யவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஆம்னி ஓடியது, நான்தான் ஓட்டினேன்.

அதற்கு மறுவாரம் ஒரு நாள் காலை, ஆம்னியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாவா பெட்டியோடு வந்து நின்றார். யாராவது பார்க்கிறார்களா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, ஒரு ஊர்ப் பெயரை வாயசைக்காமல் சொன்னார். நான் பெட்டியை வாங்கித் தட்டிக் கொடுத்தேன். மறுநாள் வந்தார், அதற்கு அடுத்த நாளும். அந்தப் பெட்டி பழசாகிக் கெட்டுப்போகும் வரை, புது ஊருக்குப் போகிற ஒவ்வொரு நாளும் காலையில் அவர் என் வண்டியின் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஊர்ப் பெயரைச் சொன்னார்.

முதல் தடவை சொல்லும்போதே எனக்கு நன்றாகக் காதில் விழும். இருந்தாலும், "எங்க போவணும் பாவா? கொஞ்சம் சத்தமா கேளுங்க" என்பேன்.